பெயர் சொல்லக் கூடாத காளை

எட்வாலேனி
14 அக்டோபர் 1956

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி மனைவி லுசுங்கு மண்டியிட்டு எழுதுவது. நீங்கள் நலமா? காலமான அரசரின் வீட்டில் நீங்கள் அணையாமல் காக்கும் அடுப்பு நன்றாக எரிகிறதா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் பொய்யை மோப்பம் பிடித்துவிடுவீர்கள் என்பதால் கொஞ்சம் உண்மையும் எழுதுகிறேன்.

போன வாரம் மத்தியானம் புல்லில் தீப்பிடித்தது. எலி பிடிக்க யாரோ வைத்த தீ. காற்று திரும்பி, நம் மாட்டுப் பட்டியின் வேலி பாதி எரிந்துபோனது. மாடுகளுக்குச் சேதமில்லை. பெரியவரும் நலம். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மாமனார் போன பிறகு அவர் பெயரைச் சூட்டி அவருக்கென்று விட்ட செவலைக் காளையை நான் வேறு எப்படிச் சொல்வது? அந்தப் பெயர் மருமகள் வாயில் வரவே கூடாது என்று கல்யாணத்தன்று என் காதைப் பிடித்துச் சொன்னவர் நீங்கள். பேனாவும் வாய்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என் மகள் தெம்வாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஜோஹன்னஸ்பர்க் சுரங்கத்திலிருந்து உங்கள் தம்பியின் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. மழையைக் காணோம்.

ஒரு சந்தேகம் கேட்கலாமா? சும்மா ஒரு பேச்சுக்குத்தான். பக்கத்து ஊரில் ஒரு பெண், என்னைப் போல வாழ வந்தவள், அவசரத்தில் மாட்டுப் பட்டிக்குள் கால் வைத்துவிட்டாளாம். வாழ வந்தவள் பட்டிக்குள் போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் போய்விட்டாள். அப்படிப்பட்டவளுக்கு என்ன ஆகும்? அவளுக்கு ஆகாமல் அவள் குழந்தைக்கு ஆகுமா?

இன்னொன்று. தீ அணைந்த நாளிலிருந்து சாயங்காலம் மாடு திரும்பும்போது பெரியவர் மட்டும் பட்டிக்குப் போகாமல் என் வாசலில் வந்து நிற்கிறார். மேய்வதில்லை, கத்துவதில்லை. வீட்டுக்குள்ளேயே பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

லுசுங்கு


எலாங்கேனி, பெரிய வீடு
21 அக்டோபர் 1956

கோந்த்வே மகளுக்கு,

உன்னை உன் அப்பன் குலத்தைச் சொல்லி அழைக்கிறேன் என்றால் நான் என்ன மனநிலையில் இருக்கிறேன் என்று புரிந்துகொள்.

பக்கத்து ஊர்ப் பெண்ணாம். அவளுக்குப் பெயர் இல்லையா? அவளுக்குப் புருஷன் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறானா? அவள் குழந்தைக்கும் காய்ச்சலா? நான் இங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்பதற்காக என் மூளையும் உட்கார்ந்துவிட்டது என்று நினைக்காதே.

நாங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் தெற்கிலிருந்து நடந்து வந்தவர்கள். பெரிய ஆற்றைக் கடந்த அன்று நடுப்பகலில் சூரியன் இருண்டது. தண்ணீர் இடுப்பளவு, தலையில் சுமை, இடுப்பில் பிள்ளை. ஒரு பெண்கூட வாய் திறந்து அலறவில்லை என்று எங்கள் அப்பா மாவேலா சொல்வார். பயந்தாலும் ஒழுங்கு தப்பாதவர்கள் எங்கள் பெண்கள். நீங்கள் வழியில் எங்களோடு சேர்ந்தவர்கள். சேர்த்துக்கொண்டோம், காதில் துளை போட்டோம், எங்களவர் ஆக்கினோம். துளை போட்டால் மட்டும் போதாது என்று இப்போது தெரிகிறது.

அந்தக் காளை வெறும் மாடு அல்ல. வீட்டில் நோய் என்றாலும் நல்லது என்றாலும் அதன் முன்னால் நின்றுதான் அப்பாவிடம் சொல்கிறோம். அது உன் வாசலில் வந்து நின்றால் காரணம் இல்லாமல் நிற்காது.

நடந்ததை நடந்தபடி எழுது. தீ எரிந்தபோது ஜோபே எங்கே இருந்தான்? அண்ணன் ஊரில் இல்லாதபோது பட்டி அவன் பொறுப்பு.

என்னால் அங்கே வர முடியாது. இந்த வீட்டின் அடுப்பு என் கையில் இருக்கும்வரை நான் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஆகவே எழுது.

நோமதேம்பா


எட்வாலேனி
28 அக்டோபர் 1956

அக்கா,

அந்தப் பெண் நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று எலிக்காகப் புல்லுக்குத் தீ வைத்தது ஜோபே தம்பி. வைத்துவிட்டுச் சாராயம் காய்ச்சும் வீட்டுப் பக்கம் போய்விட்டார். ஆண்கள் யாரும் பக்கத்தில் இல்லை. வெயிலுக்காக மாடுகளைப் பட்டியில் அடைத்திருந்தது. காற்று திரும்பியதும் வேலி பற்றிக்கொண்டது. நான் சோளம் இடித்துக்கொண்டிருந்தேன். உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வாசல் கட்டைகளை வெளியிலிருந்தே உருவிப் போட்டேன். அதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் மாடுகள் வெளியே வரவில்லை. புகையில் சுற்றிச் சுற்றி வந்தன. பெரியவர் முன்னால் நடந்தால்தான் மற்றவை நடக்கும், உங்களுக்குத் தெரியும். அவரோ நடுவில் கல்லாக நின்றார். கல்லெறிந்தேன், கத்தினேன், சாமி என்றேன், ஐயா என்றேன். காதுகூட அசையவில்லை. பிறகு உள்ளே போனேன். பாதம் சாணத்தில் பட்டது. அப்படியும் அவர் அசையவில்லை.

அப்போது பெயரைச் சொல்லிவிட்டேன் அக்கா. உரக்க, ஊர் கேட்கும்படி. உங்கள் பழைய மொழி எனக்கு எங்கே தெரியும்? எங்கள் மொழியிலேயே பெயரைச் சொல்லி, வா, வெளியே வா என்று கத்தினேன். அவர் திரும்பினார். என் பின்னால் நடந்து வெளியே வந்தார். மற்றவை எல்லாம் அவர் பின்னால் வந்தன.

ஜோபே தம்பி கரையான் புற்று மேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மறுநாள் கிணற்றடியில் வந்து நின்றார்.

“அண்ணி, பட்டிக்குள்ள போனது யாருன்னு பாத்தேன். பேரு சொன்னதையும் கேட்டேன். எனக்கு ஒண்ணும் காது செவிடு இல்ல.”

“மாட்டக் காப்பாத்தத்தானே தம்பி போனேன்? தீ வச்சது யாரு?”

“தீ வைக்கிறது குத்தம்னு எந்த முன்னோர் சொன்னாங்க? நீங்க செஞ்சத ஊர்ல சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல? உங்கள அப்பன் வீட்டுக்கு அனுப்புவாங்க. குழந்தை எங்க வீட்டுப் புள்ள. அது இங்கதான் இருக்கும்.”

“இப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?”

“எனக்கு என்ன வேணும்? நீங்க சும்மா இருந்தாப் போதும். கசாப்புக்காரர் ஒருத்தர் வருவாரு. ஒரு நாள் காலையில செவலை காணாமப் போயிரும். சிங்கம் அடிச்சிருச்சுன்னு நான் அழுவேன். நீங்களும் கூடச் சேர்ந்து அழுங்க. அவ்வளவுதான்.”

குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது.

நேற்று வாசற்படியில் பச்சைப் பாம்பு கிடந்தது. உங்கள் வீட்டில் காலமான பெரியவர்கள் அந்த உருவில்தான் வருவார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். கோபமாக வந்தாரா, பார்க்க வந்தாரா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெம்வாவைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்றேன். அது போக வெகு நேரம் ஆயிற்று. காய்ச்சல் இறங்கி இறங்கி ஏறுகிறது. மழை வராததற்கும் நான்தான் காரணம் என்று சொல்ல ஆரம்பித்தால் யாரிடம் போய் முறையிடுவேன்?

என்னை அனுப்பினாலும் பரவாயில்லை. என் மகளை விட்டுவிட்டுப் போகச் சொல்லாதீர்கள்.

லுசுங்கு


எலாங்கேனி, பெரிய வீடு
5 நவம்பர் 1956

கோந்த்வே மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது அடுப்பில் விறகு வைக்க மறந்திருந்தேன். தணல் சாம்பலாகப் போகிற நேரத்தில் கவனித்தேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு இப்படி நடந்ததில்லை. உன்னால் நடந்தது.

கேள். அந்தக் காளையை விற்கக் கூடாது. ஜோபேவின் கழுத்தை முறிக்க எனக்கு ஆசைதான். ஆனால் தீ வைத்தவன் முட்டாள், அவ்வளவே. நீ செய்தது வேறு கணக்கு. வாழ வந்தவள் பட்டிக்குள் போனாள், மாமனார் பெயரைக் கூவினாள். இதை என் மனம் போனபடி மன்னித்துவிட முடியாது. நான் மூடி மறைத்தால் நாளை என் தம்பி மெலூசி சுரங்கத்தில் நசுங்கிச் செத்தாலும், தெம்வாவுக்கு ஏதாவது ஆனாலும், நீயும் நானும்தான் பொறுப்பு. அந்தப் பயம் உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே.

அப்பாவையே கேட்போம். அரசரின் பழைய ஆலோசகர் காவ்சிக்கு ஆள் அனுப்பிவிட்டேன். அவர் இப்போது கிறிஸ்தவக் கோயிலில் மூப்பராகவும் இருக்கிறார், ஆனாலும் பட்டி வழக்கம் மறந்தவர் அல்ல. 19ஆம் தேதி காலையில் நம் குலத்து ஆண்கள் கூடுவார்கள். ஜோபே மூக்குப்பொடியைக் காளையின் முதுகில் தூவி, அப்பாவின் புகழைச் சொல்லி, இவள் இந்த வீட்டில் இருக்கலாமா என்று கேட்கட்டும். காளை சிறுநீர் விட்டால் அப்பா சம்மதித்தார் என்று அர்த்தம். விடாவிட்டால் நீ போக வேண்டும். பிள்ளை இருக்கும். என்னால் உன்னைக் காப்பாற்ற முடியாது. கேட்கவும் கேட்காதே.

ஒன்று மட்டும் எழுது. நீ கூப்பிட்டபோது காளை திரும்பியது என்றாயே, எப்படித் திரும்பியது? தலையை மட்டும் திருப்பியதா, முழு உடம்போடா? எங்கள் அப்பா யார் கூப்பிட்டாலும் தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பார். பிள்ளைகள் நாங்கள் கூப்பிட்டால் மட்டும் முழு உடம்போடு திரும்பி நிற்பார். இதற்கும் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை. சும்மா கேட்டேன்.

நோமதேம்பா


எட்வாலேனி
17 நவம்பர் 1956

அக்கா,

லாரி கிளம்பப் போகிறது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

ஜோபே தம்பி காளைக்குத் தண்ணீர் காட்டுவதை நிறுத்திவிட்டார். மற்ற மாடுகளை ஓடைக்கு ஓட்டிப் போகிறார். பெரியவரை மட்டும் பட்டியிலேயே அடைத்து வைக்கிறார். புனித நாளுக்காகத் தனியே வைத்திருக்கிறேன் என்று ஊரில் சொல்கிறார். என்னிடம் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: “காஞ்சுபோன தோல்பையில இருந்து என்ன வரும் அண்ணி? மூட்டையக் கட்டி வச்சுக்கோங்க.”

இந்த வெயிலில் அவர் நாக்கு வெளியே தொங்குகிறது. வேலி இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். அவரும் என்னைப் பார்க்கிறார். ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அது பட்டிக்குள் போவது. அன்று தீ துரத்தியது, யோசிக்காமல் போனேன். இன்று தெரிந்தே போக வேண்டும். போனால் என் மேல் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடும். போகாவிட்டால் மகளை இழப்பேன். காவ்சி ஐயாவிடம் சொல்லலாம் என்றால், மருமகள் பேச்சை யார் நம்புவார்கள்? தீர்ப்புக்குப் பயந்து பழி போடுகிறாள் என்பார்கள்.

உங்கள் பதில் வருவதற்குள் நாள் வந்துவிடும். எழுதி என்ன பயன் என்று தெரிந்தும் எழுதுகிறேன். இதை எழுத எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மூட்டை கட்டிவிட்டேன். தெம்வா தன் சட்டையையும் கொண்டுவந்து அதில் வைத்தாள். நான் அதை எடுத்து வெளியே வைத்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அன்று புகையில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

லுசுங்கு


எலாங்கேனி, பெரிய வீடு
20 நவம்பர் 1956

லுசுங்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நேற்றே எல்லாம் முடிந்திருக்கும். இது உன் கைக்கு வரும்போது நீ எந்த வீட்டில் இருப்பாயோ தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். நீ எழுதியது போலவேதான், எழுத எனக்கும் வேறு யாரும் இல்லை.

தண்ணீர் கொண்டுபோ. போ உள்ளே. தாகத்தில் சாகிறவருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று எந்த வழக்கமும் சொல்லாது. சொன்னால் அந்த வழக்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இது முந்தாநாளே உன் கையில் இருந்திருக்க வேண்டும். கூட்டத்துக்கு நாள் குறித்தபோதே எழுதியிருக்க வேண்டும். ஜோபே கையில் காளையையும் கொடுத்து உன்னையும் கொடுத்தேன்.

நான் ஏன் அவ்வளவு கடுமையாக எழுதினேன் என்று சொல்கிறேன். ஆறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். செத்தவர்களைக் காக்கிற வேலை. சாயங்காலமானால் அடுப்பின் முன் உட்கார்ந்து அரசர்களின் பெயர்களைச் சொல்வேன். ஆற்றைக் கடந்தவரிலிருந்து வரிசையாக, பழைய மொழியில், ஒரு பெயரும் விடாமல். கடைசியில் எங்கள் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வேன். அரசர் வரிசையில் அவரைச் சேர்க்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் சொல்வேன். மாவேலா, மாவேலா என்று. நான் அவர் பெற்ற மகள், பெயர் சொல்ல எனக்குத் தடை இல்லை. ஆறு வருஷமாகச் சொல்கிறேன். கூரையில் ஒரு எலிகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவர்கள் கோபமாக இருப்பார்களோ என்று நீ பயப்படுகிறாய். நான் பயப்படுவது அதற்கல்ல. அங்கே யாருமே இல்லையோ என்று பயப்படுகிறேன். வெறும் அடுப்புக்குக் காவல் இருக்கிறேனோ என்று. இதை இந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் என்னையும் மூட்டை கட்டச் சொல்வார்கள்.

அப்போதுதான் தீயைப் பற்றி எழுதிய உன் கடிதம் வந்தது. மொழி தெரியாத நீ ஒரு தரம் கத்தினாய், வந்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். எனக்கு உன் மேல் வந்தது கோபம் இல்லை, பொறாமை. போதுமா?

என்ன ஆயிற்று என்று உடனே எழுது. அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் படித்துக்கொள்.

நோமதேம்பா


எட்வாலேனி
24 நவம்பர் 1956

அக்கா,

நான் நம் வீட்டில்தான் இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீங்கள் மூச்சு விடுங்கள். தெம்வா என் மடியில் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். காய்ச்சல் இல்லை.

நான் தண்ணீர் கொண்டுபோகவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் குடத்தோடு வேலிவரை போனேன். கால் எழவில்லை. பயம் ஜெயித்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் எல்லாரும் கூடினார்கள். வாசல் கட்டைகளை எடுத்துவிட்டு ஆண்கள் உள்ளே நின்றார்கள். நாங்கள் பெண்கள் வெளியே. ஜோபே தம்பி புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதுகில் பொடி தூவினார். புகழைச் சொல்ல ஆரம்பித்தார், பாதியில் பழைய மொழி கைவிட்டுவிட்டது. முணுமுணுத்துச் சமாளித்தார். காவ்சி ஐயா கண்ணை மூடி, தப்பு வரும் இடத்திலெல்லாம் தொண்டையைச் செருமினார். பெரியவர் தலையைத் தொங்கப் போட்டு நின்றார். எல்லாரும் அவர் பின்னங்கால்களையே பார்த்தோம். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

வெயில் ஏறியது. ஒரு சொட்டு இல்லை. ஜோபே தம்பி, “அப்பா சொல்லிட்டாரு, இன்னும் என்ன?” என்றார். காவ்சி ஐயா இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு என் பக்கம் பார்க்காமலே, “பொண்ணு மூட்டைய எடுத்துக்கட்டும்” என்றார்.

எடுத்தேன். தெம்வாவை ஓரகத்தி இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடைப் பாதையில் இறங்கப் போனவள் நின்றேன். ஒன்று தோன்றியது. அனுப்பிவிட்டார்கள் என்றால் நான் இனி இந்த வீட்டு மருமகள் இல்லை. மருமகள் இல்லை என்றால் எனக்கு அந்தப் பெயர் தடையும் இல்லை. அவரிடமாவது சொல்லிக்கொண்டு போகலாம். திரும்பிப் பட்டியைப் பார்த்துப் பெயரைச் சொல்லி, “நான் போய்ட்டு வரேன்” என்றேன். கத்தவில்லை. உங்களிடம் பேசுகிற மாதிரிதான் சொன்னேன்.

பெரியவர் வந்துவிட்டார். ஜோபே தம்பி குறுக்கே நின்று கையை விரித்தார். பெரியவர் அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு வாசலைத் தாண்டி என் பின்னால் வந்தார். எனக்கு உயிரே போயிற்று. குத்தத்தான் வருகிறார் என்று நினைத்து ஓடையைப் பார்த்து ஓடினேன். அவரும் ஓடி வந்தார். ஆண்கள் எல்லாரும் பின்னால் ஓடி வந்தார்கள். ஓடைக்கரையில் நான் கால் தடுக்கி விழுந்தேன். அவர் என்னைத் தாண்டித் தண்ணீரில் வாயை வைத்தார்.

குடித்தார் அக்கா. நிறுத்தவே இல்லை. வயிறு இரண்டு பக்கமும் புடைக்கிறவரை குடித்தார். காவ்சி ஐயாதான் மெதுவாகக் கேட்டார்.

“ஜோபே, இந்த மாடு கடைசியா எப்பத் தண்ணி குடிச்சிச்சு?”

“புனித நாளுக்காகத் தனியா வச்சிருந்தேன் ஐயா...”

“நான் கேட்டது அது இல்ல.”

ஜோபே தம்பி புனித நாள், வழக்கம் என்று வாதாட ஆரம்பித்தார். யாரும் அவசரப்படவில்லை. கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். நான் எழுந்திருக்கப் போனால் பெரியவரும் நகர்ந்தார். அதனால் காவ்சி ஐயா என்னை உட்காரச் சொன்னார். நிழல் எதிர்ப்பக்கம் சாயும் நேரத்தில் பெரியவர் பின்னங்காலை அகட்டினார். அவ்வளவு தண்ணீரும் வந்தது. பக்கத்தில் நின்று இன்னும் வாதாடிக்கொண்டிருந்த ஜோபே தம்பியின் புதுச் சப்பாத்து முழுக்க நனைந்தது. காவ்சி ஐயா கோயில் மூப்பர் என்பதையும் மறந்து அரசருக்குப் போடுகிற வணக்கத்தைப் போட்டார். எல்லாரும் போட்டார்கள். தெம்வாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். பட்டிப் பொறுப்பு உங்கள் தம்பி வரும்வரை காவ்சி ஐயாவிடம்.

தண்ணீர் வாசனைக்கு ஓடி வந்தாரோ, எனக்காக வந்தாரோ, எனக்குத் தெரியாது. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்றும் சாயங்காலம் வாசலில் வந்து நிற்கிறார். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. மறுபடியும் மருமகளாகிவிட்டேன், அதனால் பெயர் சொல்ல முடியாது. ஒரு சட்டியில் தண்ணீர் மட்டும் வைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் காலையிலிருந்து பல தடவை படித்துவிட்டேன். நீங்கள் முதலில் கேட்டதற்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தத் தடவை புகை இல்லை, நல்ல வெயில், நன்றாகப் பார்த்தேன். அடுப்பை அணைய விடாதீர்கள் அக்கா. நான் கூப்பிட்டபோது அவர் தலையை மட்டும் திருப்பவில்லை. முழு உடம்போடு திரும்பினார்.

லுசுங்கு